மிக்சி ஓடிக்கொண்டிருந்தது

கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. ஒரு கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். வெளியே அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தது. கைதட்டல் அப்பாவுக்கு. அம்மா சாகும்போது கூப்பிட்ட குரல் தன் காதில் விழுந்தது என்று அப்பா அப்போதுதான் மேடையில் சொல்லியிருந்தார். அதற்குத்தான் அத்தனை மகிழ்ச்சி. யாரோ ஒருவர் விசில்கூட அடித்துவிட்டார். உடனே விழாவை நடத்தும் மையத்தின் செயலாளர் மைக்கைப் பிடித்து, "தயவுசெஞ்சு விசில் அடிக்காதீங்க, இது துக்கமான நிகழ்ச்சி" என்று கண்டித்தார். பிறகு கைதட்டல் தொடர்ந்தது.

அப்பா பொய் சொல்கிறாரா, அல்லது இத்தனை வருடமாக என்னிடம் சொன்னதுதான் பொய்யா? இந்த ஒரு கேள்வியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடந்ததை யாரிடமாவது சொல்லாமல் இன்றைக்குத் தூங்க முடியாது. அதனால் சொல்கிறேன்.

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதிப்பார். முன்னால் உட்கார்ந்திருப்பவர் மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, இல்ல இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பார். அவர் அதிகம் பேசுவது அது ஒன்றுதான். வீட்டில் அதுவும் கிடையாது.

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அம்மா போய்விட்டாள். மூச்சிழுப்பு. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா படுக்கையறையில், அப்பா சமையலறையில். அம்மாவுக்காகத்தான் பழச்சாறு அடித்துக்கொண்டிருந்தார். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மிக்சி லாரி மேட்டில் ஏறுவதுபோலச் சத்தம் போடும். அப்பா சாற்றை வடிகட்டி, தம்ளரில் ஊற்றி, எடுத்துக்கொண்டு போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் ஒரு கை கதவுப் பக்கம் நீண்டிருந்ததாம்.

அதை அப்பா ஒரு நாடகமாக எழுதினார். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை என்றுதான் சொல்வார். கடைக்கு எதிரே இருந்த மன்றத்தில் இரண்டு முறை போட்டார்கள். ஒரு ஆள், ஒரு நாற்காலி, ஒரு மிக்சி. அந்த ஆள் கடைசிவரை ஒன்றையேதான் சொல்வான்: அவள் கூப்பிட்டிருப்பாள், எனக்குக் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் சிலர் அழுதார்கள். சிலர் மிக்சிச் சத்தம் தாங்காமல் எழுந்து போனார்கள்.

எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சினிமா இயக்குநர். அவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, ஆசான் என்றுதான் சொல்ல வேண்டும். சொந்தமாக அவர் ஒரு கதையும் எழுதியதில்லை. நாவல்களையும் நாடகங்களையும் எடுத்து இருட்டான திகில் படமாக்குவார். எந்தக் கதையாக இருந்தாலும் அதில் ரொம்ப அமைதியான ஆள் யாரோ அவர்தான் கடைசியில் குற்றவாளி. தபால் நிலையத்தில் வேலை செய்யும் இரண்டு பேருடைய காதல் நாவல் ஒன்றை எடுத்தார். காதலன் பார்சல் அறைத் தரைக்கடியில் கிடந்தான். சிறுவர் நாவல் ஒன்றையும் எடுத்தார். அதில் முயல்தான் செய்தது.

அப்பாவின் நாடகத்தை 'செவிப்பறை' என்று எடுத்தார். படத்தில் மிக்சி இல்லை. சமையலறை நிசப்தமாக இருக்கிறது. உள்ளேயிருந்து மனைவி "ஏங்க" என்கிறாள். கணவனின் இடது காது திரை முழுக்க வருகிறது. ரொம்ப நேரம் வருகிறது. காதுமடலில் ஒரு முடி அசைகிறது. அவன் போகவில்லை. உட்கார்ந்து தானே அந்தச் சாற்றைக் குடிக்கிறான்.

படம் வந்தபோது அரங்கில் ஈ ஓட்டினார்கள். பிறகு யாரோ சிலர் வட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள், பேசினார்கள், மறுபடி பார்த்தார்கள். மையம் உண்டானது. முழுப்பெயர்: ஆசான் படைப்புலக ஆய்வு மற்றும் பாதுகாப்பு மையம். சின்னம், ஒரு காது. கூட்டம் தொடங்குமுன் விளக்கணைத்து எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதற்குப் பெயர் இருள் வணக்கம். இருட்டில் யார் காலையாவது மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்கக் கூடாது, மௌனம் கலைந்துவிடும்.

மையத்தின் செயலாளர் தேர்வுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேர்ல கொஞ்சம் குட்டையா இருக்கீங்க" என்றார். படத்தில் அப்பாவாக நடித்தவர் உயரம். அப்பா, "ஆமாங்க" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

"சார், நாடகத்துல மிக்சி ஓடுது. வீட்டுலயும் ஓடிச்சு. அதை மட்டும் எங்கயாவது போட்டீங்கன்னா..." என்று அப்பா இழுத்தார்.

"அது உங்க வெர்ஷன் சார். நீங்க மாணவர் மாதிரி. உங்களுக்குத் தோணுனதை எழுதியிருக்கீங்க, தப்பில்ல. ஆனா விடைக்குறிப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? படம்தான் விடைக்குறிப்பு."

"நடந்தது எனக்குத்தானே சார்?"

"அதான் பிரச்சனையே. நடந்தவங்களால விலகி நின்னு பாக்க முடியாது."

அதன்பிறகு கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கண் நன்றாகத் தெரிகிறவர்கள். இரும்புச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, "சார், கொஞ்சம் திரும்புங்களேன்" என்பார்கள். அப்பா திரும்புவார். இடது காதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டு எழுந்து போவார்கள். முதலாளிக்கு முதலில் எரிச்சல். பிறகு காது பார்க்க வருகிறவர்கள் ஒரு கண்ணாடி உறையாவது வாங்க வேண்டும் என்று பலகை வைத்தார். அப்பா தலைமுடியைக் காது மறைய வளர்க்கப் பார்த்தார். மையம் அதற்கு வருத்தம் தெரிவித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிச் சோதனை உட்குழு வந்தது. ஒரு பேராசிரியை அம்மாவின் கட்டிலில் படுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். சாகிற குரலில் "ஏங்க" என்று கூப்பிடுவது அவர் வேலை. சமையலறையில் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

அப்பா மிக்சியின் ஒயரை எடுத்துச் செருகப் போனார். செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

"மிக்சி ஓடணும்ல சார்?"

"படத்துல மிக்சி இல்லையே."

"வீட்டுல இருந்துச்சே சார்."

"வீட்டுல ஆயிரம் இருக்கும். நாங்க சோதிக்கறது படத்தோட நம்பகத்தன்மையை. படத்துல இல்லாத பொருளை உள்ள விட்டா ஆய்வு கெட்டுப்போயிடும்." பிறகு படுக்கையறைப் பக்கம் திரும்பி, "மேடம், ஆரம்பிங்க. கொஞ்சம் மூச்சு வாங்குங்க. பாடம் நடத்தற மாதிரி இருக்கக் கூடாது" என்றார்.

"ஏங்க..." என்றது அம்மாவின் அறை.

மூன்று பேரும் கை தூக்கினார்கள். ஒருமனதாகக் கேட்டது. ஆனால் நான் பார்த்தது வேறு. அந்தக் குரல் வந்ததும் அப்பா ஒயரைக் கீழே போட்டுவிட்டு அறையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். சட்டென்று நின்று, சுற்றியும் பார்த்து, குனிந்து ஒயரைச் சுருட்டினார். "ஆள் அசைஞ்சாரு, அதையும் சேர்த்துக்கோங்க" என்றார் செயலாளர்.

அடுத்து காதை அச்சு எடுத்தார்கள். வெள்ளைச் சாந்தை அப்பி, அது காயும்வரை அப்பா தலையைச் சாய்த்தபடி எங்கள் சாப்பாட்டு மேஜையில் கிடந்தார். "வலிக்குதாப்பா?" என்று கேட்டேன். "என்னது?" என்றார். அந்தக் காதில் சாந்து இருந்தது. சுற்றி நின்றவர்கள் மெய்சிலிர்த்துப் போனார்கள்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, சித்தி வரும்வரை. அம்மாவின் தங்கை. வாராவாரம் வருகிறவள் படம் வந்தபிறகு மாதத்துக்கு ஒருமுறை வந்தாள், பிறகு போன் மட்டும். ஒருநாள் திடீரென்று வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு நெஜமாவே மிக்சி ஓடிச்சா?"

அப்பா எழுந்து சமையலறைக்குப் போய் மிக்சியை ஓடவிட்டார். ஜாடியில் ஒன்றும் இல்லை. வெறும் மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் சித்தி என்னவோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அப்பா நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் 'ஏற்பு மாலை' என்ற நிகழ்ச்சிக்கு வரச் சொல்லி மையம் அழைத்தபோது அப்பா ஒத்துக்கொண்டார். மூலக்கதை எழுதியவர் மேடையேறி, தான் எழுதியதைத் தன்னைவிட ஆசான்தான் சரியாகப் புரிந்துகொண்டார் என்று ஒத்துக்கொள்கிற விழா. அதன்பிறகு இரண்டு நிமிடம் சொந்தமாகப் பேசலாம்.

"அந்த ரெண்டு நிமிஷம் போதும்மா. அத்தனை பேர் முன்னாடி, உங்க சித்தி முன்னாடி, மிக்சி ஓடிச்சு, எனக்குக் கேக்கலன்னு சொல்லிட்டு வந்துடறேன். அப்புறம் அவங்க இஷ்டம்" என்றார். சித்திக்கு அவரே போன் செய்து கூப்பிட்டார். சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார். வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒத்திகை.

அரங்க வாசலில் எங்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். அப்பாவுடையதில் 'மூலப்பொருள்' என்று இருந்தது. என்னுடையதில் 'உபபொருள்'.

உள்ளே நுழைந்ததும் ஒரு வரிசை நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புத் துணிமேல் அப்பாவின் வெள்ளைக் காது. பெட்டியில் சின்ன ஓட்டை வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து, ஓட்டையில் வாயை வைத்து, "ஏங்க" என்று கிசுகிசுத்துவிட்டு நகர்ந்தார்கள். ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. குழந்தையையும் சொல்லவைத்தாள். அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்தார். ஒவ்வொரு "ஏங்க"வுக்கும் அவர் தலை லேசாக ஆடியது. "வாப்பா போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "இரும்மா, கூப்பிடறாங்க" என்றார்.

முதலில் தபால் நிலையக் காதல் நாவலை எழுதிய அம்மாள் மேடையேறினார். "அவங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாங்கன்னுதான் நெனச்சு எழுதினேன். தரைக்கடியில ஆள் இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சு, மன்னிச்சிடுங்க" என்றார். கேடயம் கொடுத்தார்கள்.

பிறகு செயலாளர் பேசினார். "நண்பர்களே, மையம் யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. உண்மையை அவங்களே வந்து சொல்லணும். சொல்றவரைக்கும் காத்திருப்போம். வேற எதையாவது சொன்னாங்கன்னா, இன்னும் சொல்லலன்னு எடுத்துக்குவோம். மனைவியை இழந்த ஒருத்தரோட வலி நமக்குத் தெரியாதா? தெரியும். அந்தக் காட்சியை நாம அத்தனை தடவை பாத்திருக்கோம். சொல்லப்போனா அவரைவிட நமக்குத்தான் அதிகம் தெரியும். அவர் அன்னிக்கு ஒரு தடவைதானே பாத்தார்?"

விளக்கை அணைத்தார்கள். திரையில் அந்தக் காட்சி. நிசப்தச் சமையலறை. காது. "ஏங்க." மறுபடி "ஏங்க." முழு அரங்கமும் கூடவே முணுமுணுத்தது. விளக்கு வந்தபோது அப்பா மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். அன்னிக்கு மிக்சி..." என்றார் அப்பா.

நின்றார். எதையோ தேடுகிறவர் மாதிரி இடது பக்கம் தலையைத் திருப்பினார். "சொல்லுப்பா" என்று நான் வாய்க்குள் சொன்னேன்.

"அன்னிக்கு... கேட்டுச்சு."

கைதட்டல் அதற்குத்தான்.

"நான்தான்டி. கதவைத் திற." கழிவறைக்கு வெளியே சித்தியின் குரல். திறந்தேன். அழுது முடித்த முகம்.

"உன் காதாலயே கேட்டேல்ல?"

"பயத்துல சொல்லிட்டார் சித்தி. அவங்க அத்தனை பேரும் சேர்ந்து..."

"பயந்தவன் நான் பண்ணலன்னுதான்டி சொல்வான். பண்ணேன்னு எவனாவது சொல்வானா? எங்கக்கா கூப்பிட்டிருக்கா. இந்தாளு..." என் தலையைக் கோதினாள். "காலைல வரேன். துணிமணி எடுத்து வை. நீ அந்த வீட்டுல இருக்க வேணாம்."

அவள் போனதும் நான் இயக்குநரைத் தேடி ஓடினேன். அவர் ஒருவர் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள் இல்லையா? மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கிரீம் பிஸ்கட்டை இரண்டாகப் பிரித்து, கிரீமை மட்டும் நக்கிக்கொண்டிருந்தார். என் அட்டையைப் படித்தார்.

"நீ அந்தப் பொண்ணா? உக்காரு பாப்பா."

"சார், எங்கப்பாவுக்குக் கேக்கல சார். மிக்சி ஓடிச்சு. உங்களுக்குத் தெரியும், நாடகத்துல பாத்தீங்கல்ல? எதுக்கு சார் மிக்சியை எடுத்தீங்க?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லாத. மிக்சி வெச்சுதான் எடுத்தோம். அந்தச் சத்தத்துல மனைவியா நடிச்ச பொண்ணு பேசினது ஒண்ணும் பதிவாகல. மறுபடி எடுக்க நாள் இல்ல. சரின்னு மிக்சியைத் தூக்கிட்டு எடுத்தோம். பாத்தா, வீடு அமைதியா இருக்கு. அப்ப அவனுக்குக் கேட்டிருக்கணும்ல? கேட்டும் ஏன் போகல? அதனால அவனைக் கொலைகாரனாக்க வேண்டியதாப் போச்சு."

"இதை மேடைல சொல்லுங்க சார். ப்ளீஸ் சார்."

"எப்படிம்மா சொல்றது? அந்த நிசப்தத்தைப் பத்தி மட்டும் எத்தனை பேர் ஆராய்ச்சி பண்ணி முனைவர் ஆயிட்டாங்க. பாவம், அவங்க எங்க போவாங்க?" இன்னொரு பிஸ்கட்டைப் பிரித்தார். பிறகு, பக்கத்து வீட்டு விஷயம் கேட்பதுபோல என் பக்கம் சாய்ந்தார். "ஆமா, உங்கப்பாவுக்கு நெஜமாவே கேட்டுச்சாமா?"

பேருந்தில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் காது வடிவக் கேடயம். இயக்குநர் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். "பாத்தியாப்பா, மிக்சி சத்தம் ஜாஸ்தின்னு எடுத்திருக்காங்க, அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல." அப்பா தலையாட்டினார். மழை பெய்யுமா என்று கேட்டவருக்குத் தலையாட்டுவது மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு எடுத்து வைத்தார். நான் தட்டைத் தொடவில்லை.

"அப்பா, என்னைப் பாத்துச் சொல்லு. கேட்டுச்சா, கேக்கலையா?"

தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சொல்லணும்னுதான்மா போனேன். மைக்கு முன்னாடி நின்னு அன்னிக்கு நடந்ததை மனசுல கொண்டுவந்தேன். சமையக்கட்டு வந்துது. நான் நிக்கறேன். அவ கூப்பிடறா, தெளிவா கேக்குது. மிக்சியைத் தேடறேன், காணோம். எவ்ளோ தேடினேன் தெரியுமா? அது இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. பொய் சொல்லக் கூடாதேன்னு கேட்டுச்சுன்னு சொன்னேன்."

"அது படம்ப்பா! படத்துல வர்றது அது!"

"இருக்கலாம்." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "உங்கம்மா மொகமும் இப்ப அந்த நடிகை மொகமாத்தான் வருது. இல்ல, அதுக்கு முன்னாடியே எனக்குக் கேட்டுத்தான் இருந்துச்சோ, மறைக்கத்தான் மிக்சியை எழுதினேனோ... தெரியலம்மா. சத்தியமாத் தெரியல." பிறகு, "சித்தியோட போறதுன்னா போ. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

பையில் பாதி துணி வைத்திருக்கிறேன். மீதி கட்டில்மேல் கிடக்கிறது. அம்மாவின் கட்டில்தான், இப்போது என்னுடையது. அப்பா இன்னும் சமையலறையில் இருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறார். தேய்க்க அவ்வளவு பாத்திரம் கிடையாது.

இங்கிருந்து ஒரு தடவை "அப்பா" என்று கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று எவ்வளவோ நேரமாக வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். அவர் உடனே ஓடி வந்தால் அதை வைத்து அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் வராமல் போனால், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று என்னால் இனிமேல் நம்ப முடியுமா?